ஜனவரி மான் வேட்டை: பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுகிறார், போகலாமா?

வடக்கே_வந்தவன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் வடகோடியில் இருக்கும் நார்தம்பர்லாந்துக்குக் குடிவந்து இது இரண்டாவது குளிர்காலம். கீல்டர் காட்டுக்குத் தெற்கே சின்ன ஊர். கடை ஒன்று, பப் ஒன்று, மீதி எல்லாம் ஆடு. பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதைத் தொடுகிறார். ஆட்டுப்பண்ணையை மகனிடம் விட்டுவிட்டாலும் துப்பாக்கியை மட்டும் விடவில்லை. பண்ணையின் ஒரு பக்கம் முழுக்க ஸிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு, வேலிக்கு இந்தப் பக்கம் போன வருடம் நட்ட மரக்கன்றுகள். அங்கேதான் ரோ மான் வேட்டைக்குப் போகிறார்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வாசலில் நில், நீ சுட வேண்டாம், கூட வந்து பார் என்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் சில சந்தேகங்கள்.

நான் இங்கே வேலை விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி உரிமம் எதுவும் கிடையாது. துப்பாக்கி வைத்திருப்பவர் பின்னால் நடந்தால் ஏதாவது வம்பு வருமா? அப்புறம் உடை. என்னிடம் இருப்பது டவுனில் போடும் பஃபர் ஜாக்கெட்டும் ஜீன்ஸும்தான், போதுமா?

மூன்றாவதுதான் நிஜமான சந்தேகம். குளிர்காலத்தில் பெண் மானை மட்டும்தான் சுடுவார்களாம். கேட்டதும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் திருநெல்வேலிப் பக்கம், கோயில் கொடையில் கிடா வெட்டு பார்த்து வளர்ந்தவன்தான். ரத்தம் பார்த்தால் மயங்குகிற ஆள் இல்லை. ஆனாலும் பெட்டையைத் தேடிப் போய்ச் சுடுவது என்ன நியாயம்? பெரியவரிடமே கேட்டேன். "வந்து கன்றுகளைப் பார், புரியும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இங்கே யாராவது போயிருக்கிறீர்களா?

---

பசுமைக்குடில்:

ஊரில் 1972 வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அந்தச் சட்டம் வந்ததால்தான் நம் காட்டில் இன்றைக்கும் புள்ளிமான் மிச்சம் இருக்கிறது. வெளிநாட்டில் அனுமதி உண்டு என்பதற்காக நாமும் போய் நிற்க வேண்டுமா? கேமரா எடுத்துக்கொண்டு போங்கள், அழகாகப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அவ்வளவுதான் என் கருத்து.

---

ட்வீட்கரை:

தம்பி, நான் எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்காட்லாந்தின் பார்டர்ஸ் பகுதியில் இருக்கிறேன். வாரநாளில் மருத்துவமனை லேப், குளிர்கால வார இறுதிகளில் காட்டோரம். மான் வேட்டைக்கான முதல் நிலைச் சான்றிதழ், அதற்கு மேல் இரண்டாம் நிலை, இரண்டும் வாங்கியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். கூட நடப்பதற்கு உரிமம் தேவையில்லை. துப்பாக்கியைத் தொடாத வரை நீங்கள் வெறும் பார்வையாளர். அவர் தன் நிலத்தில் கூட்டிப்போகிறார், அதுவே அனுமதி. வேலிக்கு அந்தப் பக்கம் காடு வேறு ஆளுடையது என்றால் அங்கே அவருக்கே அனுமதி வேண்டும், அது அவர் கவலை. உரிமம் இல்லாதவர் உரிமையாளர் பக்கத்திலேயே இருக்க, அவருடைய ரைஃபிளை இரவல் வாங்கிச் சுடுவதற்கும் சில நிபந்தனைகளோடு வழி இருக்கிறது. ஆனால் முதல் தடவை அந்தப் பேச்சே வேண்டாம். அவர் நீட்டினாலும் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

இங்கிலாந்தில் ரோ பெட்டையைச் சுடும் பருவம் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. எங்கள் பக்கம் அக்டோபர் 21க்கே தொடங்கிவிடும். சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, மறைந்து ஒரு மணி நேரம் வரைக்கும் சுடலாம். இப்போது உங்கள் ஊரில் விடிவது எட்டேகால் வாக்கில். அதனால்தான் ஆறே முக்காலுக்கு வரச் சொல்கிறார். இருட்டோடு போய் உட்கார்ந்துவிட வேண்டும், வெளிச்சம் வந்தபிறகு நடந்து போனால் மான்தான் உங்களை வேடிக்கை பார்க்கும்.

உடை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, பனிப்புல்லில் முழங்கால் வரை ஈரமாகிவிடும். இன்னொன்று, மானுக்கு ஆரஞ்சு நிறம் சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகவே தெரியும். பஃபர் ஜாக்கெட் கதகதப்புதான், ஆனால் கையை அசைத்தால் சரக் சரக்கென்று சத்தம் போடும். பழைய கம்பளி ஸ்வெட்டர், மேலே ஃபிளீஸ் மாதிரி சத்தம் போடாத துணி, பழுப்போ பச்சையோ. தொப்பி, கையுறை கட்டாயம். வெள்ளைக்காரர்கள் முகத்துக்கு வலை போட்டுக்கொள்வார்கள், இல்லாவிட்டால் விடியற்காலை வெளிச்சத்தில் முகம் பளிச்சென்று தெரியும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குப் பிறவியிலேயே வசதி.

போனை சைலண்ட் என்று நம்பாதீர்கள், அணைத்தே வையுங்கள். காலை ஏழரை என்றால் ஊரில் மதியம் ஒரு மணி. அம்மாக்கள் சாப்பிட்டு முடித்து வீடியோ கால் போடும் நேரம் அதுதான்.

தலைக்கு எண்ணெய், சென்ட், சாமி கும்பிட்ட ஊதுபத்தி வாசம் எல்லாம் மானுக்கு மைல் கணக்கில் போகும் என்று பயமுறுத்துவார்கள். குளித்துவிட்டு வந்தால் போதும். ஏனென்றால் வாசனை எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் விஷயம். எதிர்க்காற்றில் நின்றால் நீங்கள் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அதற்குத் தெரியாது. காற்று உங்கள் முதுகில் பட்டால், எவ்வளவு கழுவினாலும் கதை முடிந்தது. பெரியவர் பையில் பவுடர் போட்ட சின்னக் குப்பி வைத்திருப்பார். அடிக்கடி எடுத்து ஒரு அமுக்கு அமுக்குவார். அந்தப் பவுடர் எந்தப் பக்கம் நகர்கிறதோ அதை வைத்துத்தான் அன்றைய வழி. மலைச்சரிவு என்றால் காற்று இன்னும் விளையாடும். விடியற்காலை குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும், வெயில் ஏறினால் திரும்பி மேலே ஏறும். காட்டு ஓரத்தில் மரச்சுவரில் மோதிச் சுழன்றுவரும். பாதி வழியில் அவர் திடீரென்று திரும்பி நடந்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.

உறைபனி விழுந்த காலை என்றால் அநேகமாக நடக்கவே மாட்டார். உறைந்த புல் அப்பளம் நொறுங்குவது மாதிரி காலடியில் சத்தம் போடும். அப்படிப்பட்ட நாளில் ஹை சீட்டில், அதாவது மரத்தோடு கட்டிய ஏணி இருக்கையில், ஏறி உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரத்தில் கால் விரல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். இரண்டு ஜோடிக் காலுறை போட்டு பூட்ஸை இறுக்கக் கட்டாதீர்கள், ரத்தம் ஓடாமல் இன்னும் குளிரும். ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை, தாராளமான பூட்ஸ். ஈரக் காலை, லேசான காற்று என்றால் நடப்பார். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவருக்கு நேர் பின்னால், அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து, அவர் நின்றால் நின்றுவிடுவது. கையை நீட்டி "அதோ" என்று காட்டக் கூடாது.

இனி மான். ரோ மான் நம் ஊர் ஆட்டை விடப் பெரிதாக இருக்காது. நன்றாக வளர்ந்தது 25 கிலோ வரும். குளிர்காலத்தில் சாம்பல் கலந்த பழுப்பு ரோமம், பின்புறம் வெள்ளைத் திட்டு. காட்டு இருட்டில் முதலில் தெரிவது அந்த வெள்ளைத் திட்டுதான். இங்கேதான் கவனம். ரோ கிடா நவம்பர், டிசம்பரில் கொம்பை உதிர்த்துவிடும். ஜனவரியில் புதுக்கொம்பு முளைத்துக்கொண்டிருக்கும், சிலதுக்கு வெறும் குமிழாகத்தான் இருக்கும். தலையை மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டை என்று முடிவுசெய்தால் பருவம் தவறிய கிடாவைச் சுட்டதாகிவிடும். அதனால் பின்பக்கத்தைப் பார்ப்போம். பெட்டைக்கு அந்த வெள்ளைத் திட்டின் அடியில் கீழ்நோக்கி ஒரு ரோமக் குச்சம் தொங்கும், பார்த்தால் சின்ன வால் மாதிரி இருக்கும். கிடாவுக்கு அது கிடையாது, திட்டும் அவரைவிதை வடிவத்தில் இருக்கும். பைனாகுலரில் பார்த்து அந்தக் குச்சம் தெரியும்வரை ரைஃபிள் தோளுக்கு வராது. ஒரு நாள் முழுக்கத் தெரியாமலே போவதும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. மான் உங்களைச் சந்தேகப்பட்டால் உற்றுப் பார்க்கும். நீங்கள் சிலையாக நின்றால் தலையைக் குனிந்து மேய்வது போல நடிக்கும். அப்பாடா என்று அசைந்தீர்களோ, சட்டென்று தலையைத் தூக்கும். மேயவே இல்லை, உங்களைச் சோதித்திருக்கிறது. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபிறகுதான் நிஜமாக மேயும். பிடிபட்டுவிட்டால் நாய் குரைப்பது மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடும், அந்தக் குரைப்பு காட்டுக்குள் போன பிறகும் கொஞ்ச நேரம் கேட்கும். அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை முடிந்தது.

இப்போது உங்கள் கேள்வி. பெட்டை ஏன்?

பிரிட்டனில் ஓநாயும் லிங்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனையும் அழிந்து பல நூறு வருடமாகிவிட்டது. வளர்ந்த மானைத் தின்ன இங்கே யாரும் இல்லை, மனிதனும் மோட்டார் காரும்தான். ரோ பெட்டை வருடத்துக்குச் சாதாரணமாக இரண்டு குட்டி போடும். கிடாவை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் எண்ணிக்கை குறையாது, ஏனென்றால் ஒரு கிடா பல பெட்டைகளைப் பார்த்துக்கொள்ளும். எண்ணிக்கை என்பது பெட்டைகளின் கணக்கு. கோடையில் பெட்டையைச் சுட்டால் புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும் குட்டி பட்டினியில் சாகும். அதனால்தான் அப்போது தடை, குட்டி பால் மறந்த பிறகு குளிர்காலத்தில் அனுமதி. பெட்டையும் குட்டியும் சேர்ந்து வந்தால் விஷயம் தெரிந்தவன் முதலில் குட்டியைத்தான் சுடுவான், பிறகுதான் தாயை. கேட்கக் கொடூரமாக இருக்கும். தாயைச் சுட்டுவிட்டு, பிப்ரவரிக் குளிரில் குட்டியைத் தனியாக அலையவிடுவது அதைவிடக் கொடூரம். உங்கள் பெரியவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

ரோ மானுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் இணை சேரும், ஆனால் கரு அப்படியே வளராமல் கிடந்து குளிர்காலத்தின் நடுவில்தான் கருப்பையில் ஒட்டி வளரத் தொடங்கும். குட்டி மே, ஜூனில். சட்டம் மார்ச் கடைசி வரை விட்டாலும், அதற்குள் உள்ளே கரு நன்றாக வளர்ந்துவிடும். என்னைப் போன்ற சிலருக்கு அது பிடிக்காது, பிப்ரவரியோடு துப்பாக்கியை வைத்துவிடுவோம். ஜனவரியில் கூப்பிடுகிறார் என்றால் உங்கள் பெரியவருக்கும் அதே கணக்காக இருக்கலாம்.

"கன்றுகளைப் பார்" என்றது ஏன் தெரியுமா? மானுக்கு மேல் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் பிடித்து இழுத்துக் கிழிக்கும். வேலி ஓரத்து ரோவன் கன்றின் நுனியைப் பாருங்கள். நார் நாராகப் பிய்ந்திருந்தால் மான் (ஆடு புகுந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும், வேலியைப் பார்த்துக்கொள்ளுங்கள்). கத்தியால் சாய்வாக வெட்டியது மாதிரி இருந்தால் முயல். ஸிட்காவை மான் அவ்வளவாகத் தொடாது. ஓக், ரோவன், வில்லோ என்றால் உயிர். நட்டவன் நுனிக்குருத்துப் போன கன்றுகளை வரிசையாகப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று ஒரு விவசாயி மகனுக்கு நான் சொல்ல வேண்டாம். கீல்டரே 1926இலிருந்து மனிதன் நட்டுவைத்த காடுதான், ஆதிவனம் இல்லை.

பசுமைக்குடில் சொல்வதில் தப்பில்லை. ஊரில் அந்தச் சட்டம் வேண்டும், அங்கே மானைத் தின்னச் சிறுத்தையும் செந்நாயும் புலியும் இருக்கின்றன. இங்கே நிலைமை நேர் தலைகீழ். ஊர்ச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து நீட்டுவதில் அர்த்தம் இல்லை என்பது என் எண்ணம்.

சுடும் இடம் பற்றிக் கடைசியாக. மேட்டின் உச்சியில் வானம் பின்னணியில் நிற்கும் மானை நல்ல வேட்டைக்காரன் சுட மாட்டான். குண்டு மானைத் தாண்டியும் போகும், பின்னால் மண் வேண்டும். அழகான பெட்டை, குறிக்கு நேராக, நூறு மீட்டரில் நிற்கும், அவர் சுடாமல் இறக்கிவிடுவார். நீங்கள் ஏமாந்து போவீர்கள். அங்கேதான் அவரை மதிக்க வேண்டும்.

---

வடக்கே_வந்தவன்:

அண்ணே, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. வேலி ஓரத்தில் நேற்றுப் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் குழாய் போட்ட கன்று தப்பித்திருக்கிறது, குழாய்க்கு மேலே தலைநீட்டியது எல்லாம் நார்நாராகத்தான் இருக்கிறது.

சுட்ட பிறகு என்ன நடக்கும்? அதற்கு மனசைத் தயார்செய்துகொள்ளக் கேட்கிறேன். இறைச்சி கொடுத்தால் வாங்கலாமா? வீட்டில் இரண்டு வயதுப் பெண் இருக்கிறாள்.

---

ட்வீட்கரை:

சுட்டதும் ஓடிப்போக மாட்டார். சரியாகப் பட்ட மான்கூட ஐம்பது அறுபது மீட்டர் ஓடி விழும். பட்ட இடத்தையும் கடைசியாகப் பார்த்த இடத்தையும் மனசில் குறித்துக்கொண்டு சில நிமிடம் அப்படியே இருப்பார். உங்களையும் ஒரு மரத்தைக் காட்டி "அதையே பார்த்துக்கொண்டிரு" என்று சொல்லலாம். பிறகு போய், பட்ட இடத்தில் குனிந்து தேடுவார். இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல், கவலை இல்லை. கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாக, புல் நாற்றத்தோடு என்றால் வயிறு. அப்போது பின்தொடராமல் நேரம் விட்டு, நாயைக் கூட்டிவருவார்கள். உறைபனியில் ரத்தத் தடம் நன்றாகத் தெரியும்.

விழுந்த மானின் கண்ணைத் தடியின் நுனியால் தொட்டுப் பார்ப்பார். இமைக்கவில்லை என்றால்தான் கிட்டே போவார். பிறகு கத்தி. வயிற்றைத் திறந்து குடலை எடுப்பதை உடனே, அங்கேயே செய்ய வேண்டும். கிடா வெட்டு பார்த்தவருக்கு அது புதிதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, குடலை எடுத்தபின் அவர் நிணநீர்க் கணுக்களை விரலால் நசுக்கிப் பார்ப்பதை. வீங்கியோ சீழ் பிடித்தோ இருந்தால் அந்த மான் சாப்பாட்டுக்கு இல்லை. காசநோய் போன்றவற்றை அங்கேதான் பிடிப்பது. லேப்காரன் என்பதால் எனக்கு அந்த ஐந்து நிமிடம்தான் ரொம்பப் பிடிக்கும். ஆவி பறக்கும் சூட்டில் கையை நுழைக்கும்போதுதான் விரலுக்கே உயிர் வரும், அது வேறு விஷயம்.

பிறகு குளிரறையில் தொங்கவிடுவார், 7 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சில நாள் கழித்துத்தான் தோல் உரிப்பது.

குழந்தை இருக்கும் வீடு என்றால் ஒன்று மட்டும் கேளுங்கள்: குண்டு ஈயமா, செம்பா? ஈயக் குண்டு உடைந்து கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சதையில் பரவும். சின்னக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஈயம் ஆகாது. ஈயம் என்றால் குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிவார்கள், ஆனாலும் அது பெரியவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பு என்றால் அந்தப் பயம் இல்லை. வெட்கப்படாமல் கேட்கலாம், இங்கே எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் குறைவுதான், இல்லாமல் போகாது. உண்ணி கடித்து லைம் நோய் வந்த ஆட்களை லேபில் பார்க்கிறோம்.

---

வன்னிக்_கறி:

நான் யாழ்ப்பாணம், இப்ப அபர்டீன் பக்கம். சுடுறதைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது, சமைக்கிறது தெரியும். சின்ன வயசிலை வன்னியிலை இருந்து வாற மான் வத்தலையும் மரை வத்தலையும் சாப்பிட்டு வளர்ந்த ஆள்.

ரோ இறைச்சியிலை கொழுப்பே இல்லை. இருக்கிற கொஞ்சத்தையும் வெட்டி எறியுங்கோ, ஆறினால் மெழுகு மாதிரி வாயிலை ஒட்டும். முதுகுத்தசையைக் கறிக்குப் போட்டுப் பழுதாக்காதையுங்கோ. மிளகும் உப்பும் தடவி, சூடான சட்டியிலை ரெண்டு பக்கமும் வாட்டி எடுத்தால் காணும். கன நேரம் வைத்தால் செருப்புத்தோல். தோள், கழுத்து இறைச்சிதான் கறிக்கு. ஆட்டிறைச்சி மாதிரி பெரிய துண்டாப் போடாமல் சின்னனாய் வெட்டி, வறுத்த மிளகாய்த்தூள், கொஞ்சம் பெருஞ்சீரகம், கறுவாப்பட்டை, ரம்பை எண்ட வாசனை இலை கிடைச்சால் அதுவும். மெல்லிய நெருப்பிலை ரெண்டு மணித்தியாலம். கடைசியிலை தேசிக்காய்ப்புளி விட்டு, தண்ணி வத்தப் பிரட்டி இறக்குங்கோ. கொழுப்பு இல்லாதபடியால் எண்ணெய் கொஞ்சம் கூட விடவேணும், கஞ்சத்தனம் பார்க்காதையுங்கோ.

அந்தப் பெரியவருக்கும் ஒரு கிண்ணம் குடுத்து அனுப்புங்கோ. உறைப்பைப் பாதியாக்கிப் போட்டு.

---

வடக்கே_வந்தவன்:

அக்காவா அண்ணனா தெரியவில்லை, நன்றி. ரம்பைக்கு நியூகாசில் போக வேண்டும். பெரியவரிடம் முதலில் குட்டியா தாயா என்ற கேள்வியைக் கேட்டுவிட்டேன். "முதலில் சின்னது, எப்போதும்" என்றார். குண்டு செம்புதானாம், இறைச்சி வாங்குகிற வியாபாரி ஈயத்தை எடுப்பதில்லை என்று சலித்துக்கொண்டார். சனிக்கிழமை மழை என்று போட்டிருக்கிறது. மழை என்றால் வருவாரா, படுத்துவிடுவாரா?

---

ட்வீட்கரை:

தூறல் என்றால் வருவார், மான் மேய வரும். அடித்துப் பெய்தால் மான் காட்டுக்குள் நிற்கும், அவரும் வீட்டுக்குள் நிற்பார். ஆறரைக்கு அவர் சமையலறை விளக்கு எரிகிறதா என்று ஜன்னலில் இருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.